யோகா வகுப்பு வேண்டாம், ரோஸ்டரைக் காட்டுங்கள்

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் மன அழுத்தம் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். வார்டு, வகுப்பு, தேர்வுத்தாள், பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை, போதாததற்கு ஆதார் பயோமெட்ரிக் வருகைப்பதிவு. சுமை உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே சுமை என்கிறார்களே, அதுதான் மோசடி.

தில்லி எய்ம்ஸையே எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு 2022இல் ஒரு கேள்வி எழுப்பியது. தற்காலிகப் பணியில் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்த நம் மருத்துவர்கள், நிரந்தரப் பணியிடம் என்று வரும்போது மட்டும் ‘தகுதியானவர் இல்லை’ ஆவது எப்படி? நேற்றுவரை அவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள், பாடம் எடுத்தார்கள். நேர்காணல் அறைக்குள் நுழைந்ததும் தகுதி ஆவியாகிவிடுகிறது. மறுநாள் காலை அதே துறைத்தலைவர் முன்னால் போய் நிற்க வேண்டும். இதற்குப் பெயர் மன அழுத்தமாம்!

இது புதிதும் அல்ல. எய்ம்ஸில் நிலவும் சாதிப் பாகுபாட்டை சுகதேவ் தோரட் குழு 2007லேயே எழுதிக் கொடுத்தது. நிர்வாகம் அதை ஏற்க மறுத்தது. 2013இல் உயர் சிறப்புப் பிரிவு ஆசிரியர் பணிகளில் இடஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குத் தொடுத்தது யார்? எய்ம்ஸ் ஆசிரியர் சங்கம். தலித் ஆசிரியர் தன் மனக்குமுறலை அந்தச் சங்கத்திடம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

வேறு எங்கே போவது? என்னிடம் பேசிய உதவிப் பேராசிரியர் ஒருவர் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்த்தான் மனநல மருத்துவரைப் பார்க்கிறார். உள்ளூரில் இருக்கும் மனநல மருத்துவர்கள் அவருடைய சக ஆசிரியர்கள். “கோட்டாவுல வந்தவரு, பிரஷர் தாங்கல” என்ற பேச்சு ஒரே நாளில் கேன்டீன்வரை வந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். தூக்க மாத்திரையைக்கூட மறைத்துச் சாப்பிடும் மருத்துவர் அவர்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் 7,035 ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்டது. ஆனால் குழுவின் பெயரிலேயே இருப்பது மாணவர்களின் மனநலம்தான். மாணவர்களுக்கு அது அவசியம், சந்தேகமில்லை. ஆசிரியர் உடைந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்?

தோழர்களே, உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு ஒரு தகவல் அறியும் உரிமை மனு போடுங்கள். ஆசிரியர் பணியிட ரோஸ்டர் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் ‘தகுதியானவர் இல்லை’ என்று காலியாக விடப்பட்ட இடங்கள் எத்தனை, எந்தத் துறையில், தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி உறுப்பினர் இருந்தாரா என்றும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.