நல்ல ராஜா இருந்தால் போதுமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி ஆட்டத்துக்கு ஒரு 'நேர்மையான நாடு' உருவாக்கச் சொன்னால், எங்கள் பெரம்பலூர், அரியலூர் பசங்க உடனே கங்கைகொண்ட சோழபுரத்தை வரைந்து, அரியணையில் ஒரு மனுநீதிச் சோழனை உட்கார வைத்துவிடுவார்கள். முடிந்தது வேலை! இது நாடு இல்லைங்க, கொலு பொம்மை.

ராஜாவை நம்பி நாடு கட்டாதீர்கள், விதியை எழுதுங்கள். காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டைப் (கி.பி. 921) பாருங்கள். குடவோலையில் பெயர் எழுத வயது 35 முதல் 70. பதவி 360 நாள்தான். கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை, அவர் உறவினருக்கும் இல்லை!

ஆனால் அதே கல்வெட்டு நிலமும் வேதப் படிப்பும் கேட்கிறது. நிலமில்லாமல் உழுதவனுக்கு ஓலையே கிடையாது. அப்படியானால் இந்தச் சபை நேர்மையானதா? ஆடுபவர் முன்னால் இந்தக் கேள்வியை வையுங்கள். அரக்கனை வெட்டுவதெல்லாம் அதைவிடச் சுலபம்.