மகிழ மரத்தடிச் சத்தியம்

திருவொற்றியூர் தியாகராயர் கோயிலில் வருஷந்தோறும் மாசி உற்சவத்தில் மகிழடி சேவை என்பதாக ஒன்று நடக்கிறது. ராயபுரம், எண்ணூர் முதலிய இடங்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் குடும்பத்தோடு போய்க் கும்பிட்டு வருகிறார்கள். தாங்கள் கும்பிடுவது எந்தச் சங்கதியை என்று யோசித்தவர்கள் எத்தனை பேர்?

கதை நாம் கட்டியதல்ல. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் எழுதி வைத்தது. சுந்தரருக்குத் திருவாரூரில் பரவை என்ற மனைவி இருக்கிறாள். திருவொற்றியூருக்கு வந்தவர், கோயிலில் பூக்கட்டும் சங்கிலியைப் பார்த்ததும், இவளை எனக்கு முடித்துவை என்று சிவனைக் கேட்கிறார். சிவனும் சங்கிலியின் கனவில் வந்து சொல்லுகிறார். அந்தப் பெண்ணோ, அவர் திருவாரூரில் மகிழ்ந்திருப்பவராயிற்றே என்கிறாள். கதையில் புத்தியோடு பேசியவள் அவள் ஒருத்திதான்! அதற்குச் சிவன் கண்ட வழி, பிரியமாட்டேனென்று சத்தியம் வாங்கித் தருவது. சுந்தரரோ, நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்கிறார். சாமி ஒப்புக்கொண்டு, பிறகு சங்கிலியிடம் போய், மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்கிறார். இருவருக்கும் தனித்தனியே வக்காலத்து வாங்கும் வக்கீலை நம் ஊரில் என்னவென்று சொல்லுவார்கள்?

சத்தியம் மீறிய சுந்தரருக்குக் கண் போயிற்றே, அது நியாயமல்லவா என்பார்கள் பக்தர்கள். சரி. போன கண்ணில் ஒன்று காஞ்சிபுரத்திலும் மற்றொன்று திருவாரூரிலும் திரும்பி வந்துவிட்டதே! கோபித்திருந்த பரவை வீட்டுக்குக் கடவுளே இரண்டு தரம் தூது நடந்தாரே! சங்கிலி வீட்டுக்கு யார் நடந்தார்கள்?

இது கோயிலோடு நிற்கவில்லை. வள்ளி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கமாக முருகன் படம் மாட்டாத கடை உண்டா? வடசென்னையில் தமிழரும் தெலுங்கரும் கலந்து வாழ்கிறோம். தெலுங்குப் படத்திலும் இதே சங்கதிதான். 1963-ல் வந்த லவகுசாவில் கர்ப்பிணி மனைவியைக் காட்டுக்கு அனுப்பிய ராமனாக நடித்த என்.டி. ராமராவைத் தெய்வமென்றே கும்பிட்டார்கள். 1966-ல் வந்த ஸ்ரீகிருஷ்ண துலாபாரத்தில் சத்தியபாமைக்கும் ருக்மிணிக்கும் உள்ள சக்களத்திப் போட்டியே வேடிக்கை. வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன், சாமிக்கே இரண்டு என்கிறான்.

நிற்க. சென்னை மாகாணத்தில் 1949-லும், இந்திய தேசம் முழுவதற்கும் 1955-லும் இந்துக்களுக்கு இருதார மணம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. மனைவி உயிரோடிருக்கையில் கட்டிய இரண்டாவது தாலி செல்லாது. பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் பாத்தியதை உண்டு. தாய்க்கு மனைவி என்ற பாத்தியதை கிடையாது. முதல் மனைவி வழக்குப் போட்டாலோ, இரண்டாவது கலியாணம் முறைப்படி நடந்ததென்று ருசுப்படுத்த வேண்டும். ஆகவே யாருமில்லாத சன்னிதியில் மஞ்சள் கயிற்றைக் கட்டி, சாமி சாட்சி என்பவன் இரண்டு பெண்களையும் ஏமாற்றிவிட்டுத் தப்புகிறான். சாமி சாட்சிக் கூண்டேறாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டில் 1967-ம் வருஷத் திருத்தச் சட்டத்தின்படி உற்றார், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே கலியாணம் செல்லும், புரோகிதன் வேண்டியதில்லை. 2009-ம் வருஷச் சட்டப்படி அதைப் பதிவு செய்வதும் கட்டாயம். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை ஊருக்கே போய், முன்னமே ஒருத்தி இருக்கிறாளா என்று நாலு பேரிடம் விசாரிக்கட்டும்; பதிவுக் காகிதத்தைக் கையில் வாங்கட்டும்.

அடுத்த மாசியில் மகிழடிக்குப் போகிற தாய்மார்கள், சங்கிலியிடம் சாமி தூது போன உற்சவம் எந்த மாதத்தில் என்று குருக்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.