கடுமை வேறு, ஆபத்து வேறு

உடலின் ஆற்றலுக்கு எல்லை உண்டு. மனவுறுதி அவ்வெல்லையைச் சற்றே தள்ளி வைக்கும். இவ்வுண்மைக்குச் சான்றாகப் பிரான்சு நாட்டின் ‘டூர் டி பிரான்ஸ்’ மிதிவண்டிப் பந்தயம் ஒன்றே போதும். 1903ஆம் ஆண்டு, ஒரு செய்தித்தாளின் விற்பனையைப் பெருக்கும் பொருட்டுத் தொடங்கப்பெற்ற இப்பந்தயம், இன்று 21 கட்டங்களாக, மூன்று வாரங்களில் ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் தொலைவு நடைபெறுகிறது. இடையே ஓய்வு நாள்கள் இரண்டே. ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளில் ஏறும் நாளில் வீரர் ஒருவர் 5,000 கலோரிக்கு மேலும் செலவிடுவதுண்டு. நேற்று விழுந்து தோலுரிந்தவரும் இன்று புறப்பட்டாக வேண்டும். குறித்த நேரத்துள் கட்டத்தை முடிக்காதவருக்கு மறுநாள் பொதுவாக இடமில்லை.

இக்கடுமை போற்றுதற்குரியது. ஆயின், கடுமையோடு ஆபத்தையும் சேர்த்துப் போற்றுதல் முறையன்று.

1967இல் ஆங்கிலேய வீரர் டாம் சிம்சன் கொளுத்தும் வெயிலில் வான்டூ மலையில் ஏறுகையில் சரிந்து விழுந்தார். மீண்டும் வண்டியிலேற்றப்பட்டார், மீண்டும் விழுந்து உயிர்நீத்தார். அவருடலில் ஊக்கமருந்தும் மதுவும் காணப்பட்டன. களைப்பென்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதனை மருந்தால் வாயடைத்தல் வீரமாகாது.

1991இல் உலக மிதிவண்டி ஒன்றியம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க முயன்றபோது வீரர்களே எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது. 1995இல், ஒலிம்பிக் தங்கம் வென்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்டெல்லி, தலைக்கவசமின்றி மலையிறங்குகையில் விழுந்து மாண்டார். மறுநாள் எவரும் போட்டியிடவில்லை. அவர்தம் அணியினரை முன்செல்லவிட்டு ஏனையோர் பின்தொடர்ந்தனர். நெஞ்சை நெகிழ்விக்கும் காட்சி அது! எனினும் இரங்குதல் வேறு, திருந்துதல் வேறு. கசகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலேவ் மற்றொரு பந்தயத்தில் இறந்த 2003ஆம் ஆண்டில்தான் தலைக்கவசம் கட்டாயமாயிற்று.

கவசம் மட்டும் போதுமா? 2023இல் சுவிட்சர்லாந்துப் பந்தயத்தில், ஆல்புலா கணவாயின் இறக்கத்தில் ஜினோ மேடர் பள்ளத்தில் வீழ்ந்து, மறுநாள் தம் 26ஆம் வயதில் மறைந்தார். அன்றைய முடிவெல்லை அவ்விறக்கத்தின் அடிவாரத்தில் வைக்கப்பட்டிருந்தது. எல்லையை எங்கு வைப்பது என்பதை முடிவு செய்வோர் வீரரல்லர், பந்தயத்தை நடத்துவோரே.

மலையின் உயரத்தை எவரும் குறைக்க வேண்டா. வளைவில் தடுப்பும், வழியமைப்பில் விழிப்பும், ஓர் உயிர் போகுமுன்பே விதியும் வேண்டும். சாவை அருகில் வைத்தால்தான் வீரம் ஒளிரும் என்பது, பார்த்து மகிழ்வோரின் மயக்கமே. முடிவெல்லையைக் கடந்தவர் நலமாக வீடு திரும்பும்போதே அவர்தம் வெற்றி நிறைவு பெறுகிறது.