சுருக்கொப்பம் இல்லாத கோப்பு

போன மாதம் பேரன் விடுமுறைக்கு ஓடைப்பட்டி வந்திருந்தான். வந்த இரண்டாம் நாளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விசாரித்தேன்.

அவனும் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து, தமிழில் எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளுக்காக ஒரு சொற்பட்டியல் தயாரிக்கிறார்கள். காசுக்கு அல்ல. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். திறமூலம் என்கிறார்கள். ஒருவர் கோயம்புத்தூர், ஒருவர் சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு மூலையில் இருப்பவர்கள். அதில் விவசாயச் சொற்கள் என் பங்கு. கவாத்து, பந்தல்கால் என்று நம் திராட்சைத் தோட்டத்துச் சொற்கள் முந்நூறுக்கு மேல் நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். பேரன் தட்டச்சு செய்து ஏற்றியிருந்தான். ஐவரில் ஒருவர் தன் கணினியில் இருந்த பழைய பிரதியை, எச்சரிக்கை வந்தும் பொருட்படுத்தாமல், வலுக்கட்டாயமாக அதன்மேல் ஏற்றிவிட்டார். என் முந்நூறு சொல்லும் போயே போச்சு.

"திரும்ப எடுத்துரலாம் தாத்தா, சிங்கப்பூர்ல இருக்கிறவன் மெஷின்ல முழுசா இருக்கு" என்றான். மறுநாளே வந்துவிட்டது. அவன் முகம் தொங்கியதற்குக் காரணம் அதுவல்ல. இனி எந்த முறையில் வேலை செய்வது என்று ஐந்து பேருக்குள் சண்டை. ஒருவர் மூன்று நாளாகப் பேசுவதில்லையாம்.

இவர்கள் பயன்படுத்துவது கிட் என்ற மென்பொருள். நம் பாஷையில் சொன்னால் ஒரு கோப்புக் காப்பறை. யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். விசேஷம் என்னவென்றால், பங்கெடுக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் முழுக் காப்பறையும் பழைய வரலாற்றோடு இருக்கும். அதனால்தான் என் சொற்கள் பிழைத்தன. லினக்ஸ் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ்தான் இதையும் எழுதினார். அதற்கு முன் அவர்கள் பிட்கீப்பர் என்ற ஒரு கம்பெனியின் மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 2005-இல் அந்தச் சலுகை நின்றுபோகவே, சில வாரங்களில் சொந்தமாகச் செய்துகொண்டார்கள்.

சண்டைக்கு வருவோம். ஒருவர், வின்சென்ட் டிரீசன் என்பவர் 2010-இல் எழுதிய முறைதான் வேண்டும் என்கிறார். அதில் வெளியீட்டுக்கு ஒரு கிளை, வளர்ச்சிக்கு ஒரு கிளை, அவசரத் திருத்தத்துக்கு ஒரு கிளை. இன்னொருவர், இருப்பது ஐந்து பேர், கிளையே வேண்டாம், அவரவர் நேராக மூலத்தில் ஏற்றிவிடுவோம் என்கிறார். டிரீசனே 2020-இல் தன் கட்டுரையின் தலையில், எல்லா வேலைக்கும் இது பொருந்தாது, சிலவற்றுக்கு எளிய முறையே போதும் என்று குறிப்பு சேர்த்துவிட்டார். இதைப் பேரனே தேடிக் காட்டினான். ஆனாலும் அந்த நண்பர் பிடியை விடவில்லை.

எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் கோப்பு தெரியும். தமிழ்நாட்டு அலுவலகங்களில் வெள்ளைக்காரன் காலத்து டாட்டன்ஹாம் முறை என்று ஒன்று உண்டு. வந்த தபாலுக்கு நடப்பு எண் போட்டு, தன்பதிவேட்டில் ஏற்றி, குறிப்பு எழுதி, வரைவு வைத்தால் மேலே இருப்பவர் திருத்திச் சுருக்கொப்பம் போடுவார். அதற்குப் பிறகுதான் தூய நகல். அந்த நகலையும் ஒருவர் ஒப்புநோக்க வேண்டும். எழுதியவனே ஒப்புநோக்கினால், தான் எழுதியதாக நினைப்பதைத்தான் படிப்பானே தவிர, தாளில் இருப்பதைப் படிக்க மாட்டான். நானே அப்படி ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

இன்னும் முன்னால், பிரெஞ்சு வழிப் பள்ளியிலேயே எனக்கு இந்தப் பழக்கம் ஏற்றப்பட்டது. முதலில் புரூயோன் என்கிற கரட்டுப் பிரதியில் எழுத வேண்டும். தப்பை ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒரே கோடாக அடிக்க வேண்டும். அடித்தது என்ன என்று வாத்தியாருக்குத் தெரிய வேண்டுமாம்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. எத்தனை கிளை என்பது இரண்டாம் பேச்சு. எழுதியவர் அல்லாத இன்னொருவர் பார்க்காமல் எதுவும் மூலத்தில் சேரக் கூடாது. நடந்த வரலாற்றை யாரும் அழிக்கக் கூடாது. இந்த இரண்டில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டால் போதும். கிளை வைத்தாலும் இரண்டு மூன்று நாளில் மூலத்தோடு சேர்த்துவிட வேண்டும். கவாத்துப் பண்ணாமல் விட்ட கொடி என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"இன்னொருத்தர் பாக்கணும்னா எங்க மேல நம்பிக்கை இல்லைன்னு ஆகுதே" என்று பேரன் கேட்டான். எனக்கு அது புரியவே இல்லை. வரைவில் திருத்தம் வருவது அவமானம் என்றால் நான் முப்பது வருஷம் அவமானத்தில்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். லினக்ஸில்கூட 2004 முதல், திருத்தம் அனுப்புகிறவரும் அதை மேலே அனுப்புகிற பொறுப்பாளரும் தங்கள் பெயரை அடியில் எழுத வேண்டும் என்று விதி. அது சுருக்கொப்பம் இல்லாமல் வேறென்ன?

தமிழிலேயே நல்ல உதாரணங்கள் உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். நூலின் தலைப்பில் தட்டச்சு செய்தவர் பெயரும், மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும். தமிழ் விக்கிமூலத்தில் இன்னும் கறார். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தால் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது, மென்பொருளே விடாது. அங்கே யாரும் இதற்காகக் கோபித்துக்கொண்டு பேசாமல் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற விதியால் கோப்பு மேசையில் தூங்கும். ஒரு விதவையின் ஓய்வூதியக் கோப்பு ஒரு சுருக்கொப்பத்துக்காக நான்கு மாதம் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாள் வாரா வாரம் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அதனால் மூன்றாவதாக ஒன்றும் சேர்க்கச் சொன்னேன்: மூன்று நாளில் பார்க்காவிட்டால் அடுத்தவர் பார்க்கலாம், முதலாமவர் குறை சொல்லக் கூடாது.

பேரன் மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினான். பேசாமல் இருந்தவர் ஒரு கமாவை மட்டும் திருத்திவிட்டு ஒப்புக்கொண்டாராம். என் புதுச் சொற்கள் நாற்பதை நேற்று முன்தினம் ஏற்றியிருக்கிறான். இன்னும் யாரும் பார்க்கவில்லை. நாளையோடு மூன்று நாள்.