எந்த ஆட்டின் கம்பளி?

மாம்பழக் கடைக்குப் போய் 'ஒரு கிலோ மாம்பழம் கொடுப்பா' என்று யாராவது கேட்கிறோமா? பங்கனபள்ளியா, மல்கோவாவா, இமாம் பசந்தா என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். அரிசியும் அப்படித்தான். பிரியாணிக்குச் சீரக சம்பா, சாப்பாட்டுக்குப் பொன்னி, இட்லிக்கு இட்லி அரிசி. மாற்றி வாங்கி வந்தால் வீட்டில் ரகளை. காபிக் கொட்டையில்கூட பீபெரி எவ்வளவு, பிளாண்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பின்னக் கணக்குப் போடுகிற ஜனங்கள் நாம்.

அதே நாம் கம்பளிக் கடையில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. ஸ்வெட்டரை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்க்கிறோம். 'சாஃப்ட்டா இருக்கு.' அவ்வளவுதான், தேர்வு முடிந்தது. காலருக்குள் 'ப்யூர் உல்' என்று ஒரு துண்டு தைத்திருந்தால் பரம திருப்தி. எந்த ஆட்டின் கம்பளி, அது எந்த மலையில் மேய்ந்தது? அந்தத் துண்டும் சொல்லாது. நாமும் கேட்க மாட்டோம்.

கேட்காமல் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும் என்கிறீர்களா? போகும். பல ஆட்டு இனங்களுக்கு ஏற்கெனவே பாதி முழுகிவிட்டது.

கன்னத்தில் தேய்க்கிற பரீட்சையில் எப்போதும் முதல் ரேங்க் வாங்குவது மெரினோ. ஸ்பெயின்காரர்கள் நெடுங்காலம் நாட்டை விட்டு வெளியே போகவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆடு. 18ஆம் நூற்றாண்டில் வெளியே வந்து, ஆஸ்திரேலியாவில் கோடிக்கணக்கில் பெருகியது. அதன் இழை ஏறத்தாழ 17 முதல் 23 மைக்ரான். நம் தலைமுடி சராசரியாக 70 மைக்ரான் பக்கம். கம்பளி இழை 30 மைக்ரானைத் தாண்டினால் முனை தோலில் குத்த ஆரம்பிக்கும். ஆகவே, பச்சைக் குழந்தைக்குத் தொப்பி பின்ன மெரினோவைவிட உசத்தி எதுவும் கிடையாது. ஒப்புக்கொள்கிறேன். அதனோடு எனக்கு வாய்க்கால் தகராறு ஒன்றும் இல்லை.

மெரினோவுக்கு வைத்த பரீட்சையையே எல்லா ஆட்டுக்கும் வைத்து, பெயிலாக்கி, வீட்டுக்கு அனுப்புகிறோமே, அதனோடுதான் தகராறு.

மிருது ஒரு குணம். ஒரே ஒரு குணம். அதற்கு விலையாக வேறு சிலதைக் கொடுத்தாக வேண்டும். மெல்லிய இழை சீக்கிரம் தேயும். அக்குளிலும் முழங்கையிலும் உருண்டை உருண்டையாகத் திரளும். வாஷிங் மெஷினில் போட்டால் சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும். அதைத் தடுக்க 'சூப்பர்வாஷ்' என்று ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். இழையின் மேல் இருக்கும் நுண்ணிய செதில்களைக் குளோரின் போட்டு மழுக்கி, அதற்கு மேல் மெலிதாக பாலிமர் பூசுவது. ஆட்டின் தோலிலிருந்து வந்ததை எடுத்து அதற்கு பிளாஸ்டிக் சட்டை மாட்டுகிறோம். பிறகும் அதன் பெயர் 'ப்யூர் உல்'தான்.

இந்த விஷயத்தில் முதலில் விழித்துக்கொண்டவர்கள் கையால் நூற்கிறவர்களும் பின்னுகிறவர்களும்தான். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்போது ஒரு பெருங்கூட்டம் ஆட்டின் இனத்தைச் சொல்லித்தான் கம்பளி வாங்குகிறது. கத்தரித்த முழு ரோமத்தையே வாங்கி, அலசி, சிக்கெடுத்து, தக்ளியிலோ ராட்டையிலோ நூற்று, அப்புறம் ஊசியை எடுக்கிறார்கள். இதென்ன பைத்தியம் என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் பைத்தியம் யாரென்று புரியும்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்து தீவுகளின் ஆட்டைப் பாருங்கள். சின்ன உருவம். வெள்ளை, கறுப்பு, சாம்பல், செம்பழுப்பு என்று சாயமே வேண்டாத இயற்கை நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் தீவு மொழியில் தனிப்பெயர். கோடை ஆரம்பத்தில் ரோமம் தானாகவே பிடி விடும். பழைய வழக்கப்படி கத்தரியே இல்லாமல் கையால் உருவி எடுத்துவிடலாம். கழுத்துப் பக்கத்து மெல்லிய ரோமத்தை நூற்றுப் பின்னும் சால்வை, கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளியே வரும். அதே ஆட்டின் மற்ற ரோமத்தில் மீனவனுக்கு ஸ்வெட்டர். இழைகள் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் என்பதால், பல வண்ணக் கோலம் போட்டுப் பின்னிய துணியைக் கத்தரியால் நடுவில் வெட்டினாலும் பின்னல் ஓடாது. சூப்பர்வாஷ் மெரினோவில் இதைச் செய்து பாருங்கள், தெரியும் சேதி.

வென்ஸ்லிடேல் என்று யார்க்‌ஷயரில் ஒரு நீள்ரோம ஆடு. 1839இல் பிறந்த 'புளூகேப்' என்கிற ஒரே கிடாவிலிருந்து கிளைத்த வம்சம். சுருள் சுருளாகத் தொங்கும் அந்த ரோமத்தை நூற்றால் பட்டு மாதிரி பளபளக்கும். சவுத்டவுன் போன்ற 'டவுன்' ஆடுகளின் கம்பளியோ பளபளக்காது. ஆனால் ஸ்பிரிங் மாதிரி குதிக்கும், லேசில் சுருங்காது. காலுறைக்கு அதுதான் ராஜா. ஐஸ்லாந்து ஆட்டுக்கு இரட்டை ரோமம். வெளியே மழையைத் தள்ளுகிற நீள இழை, உள்ளே சூடு காக்கிற குட்டை இழை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் அந்தத் தீவின் குளிரில் நனைந்து வந்த உடம்பு அது.

சால்வைக்கு ஒன்று, சாக்ஸுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. இப்போது சொல்லுங்கள், இத்தனைக்கும் சேர்த்து 'கம்பளி' என்று ஒரே பெயர் வைத்து, கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய அபத்தம்!

அபத்தம் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இதில் உயிர் போகிறது. இருபதாம் நூற்றாண்டில் 1973க்குள் மட்டும் பிரிட்டன் தன் சொந்தக் கால்நடை இனங்களில் 26ஐ இழந்துவிட்டது என்பது அரிய இனங்களைக் காப்பதற்காக அந்த ஆண்டு அங்கே தொடங்கிய அறக்கட்டளையின் கணக்கு. கறி, பால், கம்பளி எதுவானாலும் சந்தை ஒரே ஒரு அளவுகோலைக் கையில் எடுத்தால் மற்றதெல்லாம் இப்படித்தான் போகும்.

லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஹெர்ட்விக் என்று ஒரு ஆடு. குட்டி கறுப்பாகப் பிறந்து, வயது ஏற ஏற நரைக்கும். நம்மைப் போல. வேலியில்லாத மலையில் எதுவரை மேயலாம் என்பதைத் தாய் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும். மந்தையை ஒருமுறை அழித்துவிட்டால் புது ஆட்டை வாங்கி விட்டு அந்த அறிவை வாங்க முடியாது. பீட்டர் ராபிட் கதைகள் எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்த ஆட்டின் மேல் உயிரையே வைத்திருந்தவர். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்ட்டுக்கு எழுதிவைத்தார். தன் மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து மேய வேண்டும் என்பது அவர் விருப்பம். 2001இல் கோமாரி நோய் வந்து பிரிட்டனில் லட்சக்கணக்கான கால்நடைகளைக் கொன்று எரித்தபோது, ஒரே வட்டாரத்தில் மட்டும் வாழும் இந்த இனமே துடைத்தெறியப்படுமோ என்று பயந்தார்கள். பிழைத்தது.

பிழைத்து என்ன பயன்? அதன் கம்பளி தேங்காய் நார் மாதிரி முரடு. கன்னப் பரீட்சையில் முட்டை மார்க். 2020இல் கொரோனா வந்து கம்பளி விலை படுத்தபோது, ரோமம் கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் காணாது என்று பிரிட்டிஷ் விவசாயிகள் பலர் அதைத் தீ வைத்து எரித்தார்கள். எருக்குழியில் போட்டு மக்கவைத்தார்கள். உலகத்தின் மறுபக்கம் பெட்ரோலியத்திலிருந்து அக்ரிலிக் நூல் இழுத்துக்கொண்டிருக்கிறோம்!

'அதெல்லாம் வெள்ளைக்காரன் பிரச்னை சார், நமக்கென்ன' என்று பக்கத்தைத் திருப்பப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும்.

மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா மேட்டு நிலங்களில் தக்காணி ஆடு உண்டு. கறுப்பு ரோமம், முரடு. அதை நூற்று, புளியங்கொட்டைப் பசை போட்டு, கைத்தறியில் நெய்த கம்பளிதான் மேய்ச்சல்காரனுக்கு மழைக்குக் குடை, குளிருக்குப் போர்வை, ராத்திரிக்குப் பாய். தெலுங்கில் கொங்கடி. அந்த ஆட்டைப் பார்த்த நம் நிபுணர்களுக்கு அதன் முரடு மட்டும்தான் கண்ணில் பட்டது. மெரினோவையும் அதன் வம்சமான ராம்புலேவையும் கலந்து 'தரம் உயர்த்த'ப் பார்த்தார்கள். மிருதுக் கம்பளி அங்கே வேர் பிடிக்கவில்லை. பிறகு கறிக்கு விலை ஏறியது. மேய்ப்பவர்களே கம்பளி இல்லாத நெல்லூர் கிடாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல வாயில்லை. கம்பளியை வாங்க ஆளில்லாதபோது அவர்கள் வேறென்ன செய்வார்கள்? கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குறும்பை ஆட்டின் முரட்டுக் கம்பளிக்கும் இதே கதிதான்.

நீலகிரியில் இன்னும் விசேஷம். உள்ளூர் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உருவான 'நீலகிரி ஆடு' என்று தனி இனமே இருக்கிறது. அந்த மலைக் குளிருக்கும் மழைக்கும் பழகிய வெள்ளை ஆடு. தென்னாட்டில் உடுத்துகிற மாதிரி நயமான கம்பளி தரும் அபூர்வப் பிறவி. புல்வெளியைத் தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் தின்ற பிறகு மேய்ச்சல் சுருங்கி, ஆடும் சுருங்கிவிட்டது. சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஊட்டிக்குப் போகிற நாம் சாக்லேட் வாங்குகிறோம், வர்க்கி வாங்குகிறோம், பேரம் பேசி லூதியானா அக்ரிலிக் ஸ்வெட்டர் வாங்குகிறோம். அந்த மலைக்கென்று ஒரு ஆடு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எதிர்க்கட்சிக்கும் காது கொடுப்போம்.

'குத்துமே?' குத்தும். அதனால்தான் சட்டைக்கு மேல் போடுகிற கோட்டும் பையும் விரிப்பும் அதில் செய்ய வேண்டும். கயிற்றுக் கட்டில் குத்துகிறது என்று யாரும் தென்னையை வெட்டவில்லையே.

'பணக்காரப் பொழுதுபோக்கு.' கைநூல் விலை அதிகம்தான். ஆனால் பத்து வருஷத்துக்கு ஒரு கம்பளி வாங்குகிறவன் ஊதாரியா, வருஷத்துக்கு இரண்டு அக்ரிலிக் வாங்கிக் குப்பையில் போடுகிறவன் ஊதாரியா?

'பிராணி வதை.' நியாயமான கேள்வி. ரோமம் அதிகம் வேண்டும் என்று தோல் மடிப்பு மடிப்பாக வளர்த்த ஆஸ்திரேலிய மெரினோவில், மடிப்பில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்காமலிருக்க, குட்டியின் வால் பக்கத்துத் தோலையே அறுத்து எடுக்கிற 'மியூல்சிங்' வழக்கம் உண்டு. நியூசிலாந்து 2018இல் இதைத் தடை செய்தது. மடிப்பில்லாத, குட்டை வால் ஷெட்லாந்து ஆட்டுக்கு இந்த அறுவையே தேவையில்லை. ஆக, கருணை உள்ளவரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்: எந்த ஆடு?

பெயர் போட்டாலே போதுமா, பெயரிலும் பொய் சொல்வார்களே என்றால், சொல்வார்கள். எங்கெங்கோ வளர்ந்த ஆட்டின் கம்பளிக்கு 'ஷெட்லாந்து' முத்திரை குத்தி விற்றார்கள். தீவுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2011இல் ஐரோப்பிய யூனியனின் புவிசார் பாதுகாப்பை வாங்கினார்கள். நாம் பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு வாங்கி வைத்திருக்கிறோமே, அந்த மாதிரி.

அமெரிக்காவில் அருகிவரும் கால்நடைகளைக் காக்கும் ஒரு அமைப்பு 2019இல் அழகான வேலை ஒன்று செய்தது. நூற்பவர்களுக்கும் பின்னுபவர்களுக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம். ஒவ்வொரு அரிய இனத்தின் கம்பளியையும் வளர்ப்பவரிடமே வாங்கிப் பயன்படுத்தினால் அதில் ஒரு முத்திரை. குப்பைக்குப் போன ரோமத்துக்கு வாடிக்கையாளர் கிடைத்தார். ஆட்டை வைத்திருக்க வளர்ப்பவருக்கு ஒரு காரணம் கிடைத்தது.

நம் நெல் ரகங்கள் திரும்பி வந்ததும் இப்படித்தானே? நெல் ஜெயராமன் மாதிரி மனிதர்கள் விதை தேடி அலைந்தார்கள். மாப்பிள்ளை சம்பாவை வாங்கிச் சமைத்துச் சாப்பிட நாலு வீடு இருந்ததால் அது வயலில் நின்றது. மியூசியத்தில் வைத்து எந்த நெல்லும் பிழைத்ததில்லை. ஆடும் அப்படித்தான்.

ஆகவே, அடுத்த முறை கம்பளி வாங்கும்போது கன்னத்தை விட்டுவிட்டு வாயைப் பயன்படுத்துங்கள். 'எந்த ஆடு? எந்த ஊர்?' பின்னத் தெரிந்தவர்கள் நூல் கடையிலும் கேளுங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். 'உல்லன் சார், ஒரிஜினல்' என்பார். பரவாயில்லை, மறுபடி கேளுங்கள். ஒருத்தர் கேட்டால் கிறுக்கு என்பார். பத்தாவது ஆள் கேட்கும்போது மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு விசாரிப்பார்.