ப்ரீதர் புகைந்தாலே இன்ஜினை இறக்க வேண்டுமா?

"ப்ரீதரில் புகை வந்துவிட்டதா? இன்ஜினை இறக்கிப் போர் அடித்துவிடு" என்று புதுக்கோட்டைப் பக்கம் பழைய பெட்ரோல் அம்பாசடர் வைத்திருப்பவர்களிடம் அடித்துச் சொல்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 2014இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. போர் அடிக்கச் சிலிண்டரில் தேவையில்லாமல் கடைந்தெடுத்த இரும்பு திரும்ப வராது.

எந்த இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அதை வெளியேற்றவே ப்ரீதர். அது அடைத்துக்கொண்டால் நல்ல இன்ஜினும் ஆயில் சீல் வழியே ஒழுகும். முதலில் அதைக் கழற்றிக் கழுவுங்கள்.

பிறகு பிளக் துளையில் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதே காயில் வயரைப் பிடுங்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி சுற்றுங்கள். முள் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பாருங்கள். ஹெட்டைக் கழற்றினாலே போதும்.

சைலன்சர் புகையையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். திருமயம் சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் நீலமாகக் குபுக்கென்று வந்தால், பெரும்பாலும் வால்வு கைடு வழியே ஆயில் இறங்குகிறது. லோடில் விடாமல் வந்து, ப்ரீதரும் கக்கி, ஆயில் சோதனையும் அதையே காட்டினால் நானும் இன்ஜினை இறக்கத்தான் சொல்வேன். அப்போதும் போரை அளந்த பிறகுதான் கடைசல். தேய்மானம் அளவுக்குள் இருந்தால் புது ரிங் போதும்.