"இலவசம்"னா கடன் எதுக்குங்க? பல்லடம் மாடிக்கு ஒரு நேர்மையான சோலார் கணக்கு



2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டு வந்த சோலார் திட்டத்தோட பேரிலேயே 'முஃப்த் பிஜிலி', அதாவது இலவச மின்சாரம் இருக்கு. மாசம் 300 யூனிட் இலவசம்னு விளம்பரம். 3 கிலோவாட் பேனலுக்கு மானியம் 78,000 ரூபாய். மிச்சம் ஒரு லட்சத்துக்கு மேல நம்ம கைக்காசு, இல்லைன்னா பேங்க் கடன். இதுக்குப் பேரு இலவசமா?

பேனல் விக்கிறவங்க வாட்ஸப்ல அனுப்புற கணக்கைப் பாருங்க: "தினம் 12 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 720. யூனிட் 8 ரூபாய். ஒரு பில்லுக்கு 5,760 மிச்சம்!"

நம்ம வெயிலுக்கு 1 கிலோவாட் சராசரியா தினம் 4 யூனிட் தரும். அது சரி. அந்த 8 ரூபாய்தான் பித்தலாட்டம்.

தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் 2016-லிருந்தே இலவசம். 500 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கு 2024 ஜூலை கட்டணப்படி அடுத்த 100-க்கு 2.35 ரூபாய், பிறகு 400 வரை 4.70. இப்ப போட்டுப் பாருங்க:

👉 400 யூனிட் வீடு: மொத்த பில்லே 1,175 ரூபாய். இதுல எப்படிங்க 5,760 மிச்சமாகும்? வருஷத்துக்கு 7,050. போட்ட லட்சம் திரும்பவே 14 வருஷம், வட்டி தனி. மிஞ்சுற யூனிட்டை 8 ரூபாய்க்கு யாரும் வாங்கப் போறதில்லை. இதே வீட்டுக்கு 1 கிலோவாட் போட்டாலே பில் 141 ரூபாய்க்கு இறங்கிடும்!

👉 ஏசி ஓடுற 900 யூனிட் வீடு: பில் 5,820. 3 கிலோவாட் போட்டா 5,000 பக்கம் மிச்சம். மூணு நாலு வருஷத்துல காசு திரும்பிடும். தாராளமா போடுங்க.

ஒரே பேனல், ஒரே வெயில். வசதியானவருக்கு லாபம், நடுத்தரக் குடும்பத்துக்குக் கடன்.

அந்த 12 யூனிட்டும் தானா வராதுங்க. ஆனி, ஆடியில மேகம்; ஐப்பசி, கார்த்திகையில மழை. தறிக்கூடத்துப் பஞ்சும், காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கத்து குவாரித் தூசியும் பேனல்ல படியும். உப்பு போர்வெல் தண்ணியில கழுவினா கறை பிடிக்கும். பக்கத்துத் தென்னை நிழல் ஒரு பேனல்ல விழுந்தாலே உற்பத்தி அடிவாங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பேனல் சூட்டைத் தணிக்கும், நல்லதுதான். ஆனா அந்தக் காத்தைத் தாங்குற ஸ்டாண்டு வேணும்.

லைன் வீட்டுல குடியிருக்கிற பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு இந்தத் திட்டத்துல என்ன இருக்கு? மாடி அவருடையது இல்லை. மானியமும் இல்லை. ஒரு கூரை மின்சாரத்தைப் பல மீட்டருக்குப் பகிர டெல்லியில் 2019-லேயே விதி போட்டாங்க. நம்ம தொழிலாளிக்கு எப்போ?

நாம கேக்கிறது மூணே மூணு:

1. கடன் கொடுக்கும் முன்னாடி, கடைசி 6 பில்லை வெச்சு வீட்டுக்கு வீடு மிச்சக் கணக்கை மின்வாரியம் எழுத்துல தரணும்.
2. நிழல், தூசி, மழைக்காலம் கழிச்ச உற்பத்தியை விக்கிறவங்க கொட்டேஷன்லயே போடணும்.
3. வாடகை வீட்டுக்காரருக்கும் சோலார்ல பங்கு வேணும்.

சோலாருக்கு நாம எதிரி இல்லை. பொய்க் கணக்குக்குத்தான் எதிரி. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்க வீட்டு பில்லை எடுத்துப் பாருங்க. எத்தனை யூனிட்னு கமெண்ட்ல போடுங்க, கணக்கை நாங்க போட்டுத் தர்றோம்.

பகிருங்கள்!

தகவல் தொழில்நுட்ப அணி, பல்லடம்
#பொய்க்கணக்கு_வேண்டாம் #பல்லடம்